எங்கள் வீட்டுக்கு ஒறம்பரை வந்த விரிசல்கள்

எங்கூட்டுக்காரர் ராக்கியப்பன் கண்ணால பாத்தும் காயிதத்துல எழுதாம விட்ட விரிசல் அத்தனையும், ஒண்ணு பாக்கியில்லாம, எங்க வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்துச்சுங்க. நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க அன்னூர் ரோட்டுல எங்க செல்லாண்டி நகருக்கு வந்து யாரைவேணா கேளுங்க, விருந்தாளியை ஒறம்பரைன்னு சொல்ற ஊரு எங்களுது, வந்த விரிசலையும் எல்லாரும் ஒறம்பரைன்னுதான் சொன்னாங்க, சொல்லிப்போட்டு அவங்கவங்க வேலையைப் பாத்தாங்க.

அவருக்கு என்ன வேலைன்னா, புதுசாக் கட்டின வீட்டுக்குச் சாவி வாங்கறதுக்கு முந்தி அங்க போய்ச் சோதிச்சுப் பாத்து, எது சரி எது சரியில்லைன்னு எழுதிக் குடுக்கற வேலை. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி, அதுல சம்பளத்துக்கு இருக்காரு. தோள்ல ஒரு பை, பையில டார்ச்சு லைட்டு, மேடு பள்ளம் பாக்கற ரசமட்டம், தூக்குக் குண்டு, செவுத்துல ஈரம் பாக்கற மிசின், டைல்ஸைத் தட்டிப் பாக்க ஒரு குச்சி. கம்பெனி குடுத்த தாள்ல எண்பத்திநாலு கட்டம் இருக்கும். கொழாயில தண்ணி வருதா, கதவு சாத்துதா, சுவிட்சு போட்டா லைட்டு எரியுதா, இப்படி எண்பத்திநாலுக்கும் குறி போட்டுட்டா வேலை முடிஞ்சுது. ஏணி போட்டு ஏறவேண்டியதில்லை, பீரோவை நகர்த்தவேண்டியதில்லை, ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லவேண்டியதே இல்லை.

ஒருதடவை இவரு கட்டத்துக்கு வெளிய ரெண்டு வரி சேர்த்து எழுதினதுக்கு மேனேஜர் கூப்பிட்டு, "எண்பத்தஞ்சாவதா ஒண்ணை எழுதினீங்கன்னா, எண்பத்தாறாவதை ஏன் எழுதலைன்னு நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாங்க ராக்கியப்பன், எல்லையோட நில்லுங்க"ன்னாராம். அதுவும் ஞாயந்தானுங்க. ஒரு மனுசன் ரெண்டு மணி நேரத்துல ஒரு வீட்டோட தலையெழுத்து பூராவும் படிச்சுச் சொல்ல முடியுமா.

இது போதாதுன்னு எங்க பக்கத்துல இன்னொண்ணு இருக்குது. பால் காய்ச்சறதுக்கு முந்தி புது வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டுக் குறை சொல்லக்கூடாது. சொன்னா, அங்க குடியிருக்கற தேவதை "அப்படியே ஆகட்டும்"னு சொல்லிப்போடுமாம். அதனால எங்கூட்டுக்காரர் வாயைத் தொறக்கறதுக்குள்ள, "அண்ணா, நல்லதா நாலு வார்த்தை மட்டும் சொல்லுங்க"ன்னு காப்பியைக் கையில குடுத்துருவாங்க. இந்த மனுசனுக்குக் காப்பி குடிச்ச எடத்துல எதிர்த்துப் பேச வராது. கட்டத்துல இருக்கறதுக்குக் குறி போட்டுட்டு, இல்லாததை முழுங்கிட்டு, வாயைத் தொடச்சுக்கிட்டு வந்துருவாரு.

மொதல் விரிசல் வந்தது ஒரு செவ்வாக்கெழமை மத்தியானமுங்க. அரிசிம்பருப்பு சாதம் போட்டு நெய் ஊத்தினேன், ரெண்டு வாய் சாப்பிட்டவரு சமையல்கட்டுச் செவுத்தைப் பாத்து அப்படியே கையை நிறுத்திட்டாரு. தரையில இருந்து சன்னல் வரைக்கும், காலையில இல்லாத ஒரு விரிசல், நாலடி நீளத்துக்கு, நடுவுல ஒரு வளைவு.

"சம்பூரணம், இந்த விரிசல் எனக்குத் தெரிஞ்சதாட்ட இருக்குது."

"தெரிஞ்சதா இருந்தா உக்காரச் சொல்லுங்க, சாப்பிட்டுட்டுப் போகட்டும்"னு நானும் எகத்தாளமாத்தான் சொன்னேன். அவரு சிரிக்கலை. கோவில்பாளையத்துல கோகிலவாணி டீச்சர் வீட்டுப் படுக்கை அறையில மொத நாள் பாத்த விரிசலாம், அதே நீளம், அதே வளைவு. போன் போட்டுக் கேட்டா, "ஏனுங்க, செவுரு வழவழன்னு இருக்குதே, நீங்க என்ன கனாக் கண்டீங்களா"ன்னு டீச்சர் சிரிக்கறாங்க.

அடுத்த வாரம் சூலூர்ல இருந்து வாசப்படிக்கு ஒண்ணு வந்துச்சு, அதுக்கடுத்த வாரம் சிங்காநல்லூர்ல இருந்து பாத்ரூம் செவுத்துக்கு ஈரம் வந்துச்சு, பீளமேட்டுல ஒரு கதவு சாத்தினாலும் தானாத் தொறந்துக்குமாம், அந்தக் கொணம் வந்து எங்க பூசை ரூம் கதவுல ஏறிக்கிச்சு, காத்தே இல்லாதப்பக் கடகடங்கற சன்னல் ஒண்ணு எங்கிருந்து வந்துச்சுன்னு அவருக்கே மூணு நாள் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. எந்த வீட்டுல இருந்து வந்துச்சோ அந்த வீடு பளிச்சுன்னு ஆயிரும், எங்க வீடு அதை வாங்கிக்கும்.

பக்கத்து வீட்டுத் துளசிமணி மொதல்ல பூசணிக்காய் சுத்தி ஒடைச்சா, ரெண்டாவது வாரம் மஞ்சத்தண்ணி தெளிச்சா, மூணாவது வாரம் அவளும் பழகிட்டு, "அக்கா, அந்தச் சூலூரு கொஞ்சம் எளைச்சிருச்சு பாரு"ன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டா. பால்காரர் வண்டியை நிறுத்தி, "இன்னைக்கு எந்த ஊருங்க வந்திருக்குது"ன்னு கேப்பாரு. கேஸ் கொண்டுவர்றவரு சிலிண்டரை எறக்கிட்டு ஒருசுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் போவாரு. நானும் விரிசலுக்கு ஒரு ஆணி அடிச்சுக் கரண்டியை மாட்டினேன், ஈரத்துக்குப் பக்கத்துல புதினாத் தொட்டியை வெச்சேன், அது நல்லாத் தழைச்சும் வந்துச்சு. வந்தது வந்துருச்சு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா போயிருமா.

ஆனா ஒருநாள் டீச்சர் வீட்டு விரிசல் அகலமாகி, அலமாரி ஆட்டம் கண்டு, எலுமிச்சங்கா ஊறுகாய் ஜாடி விழுந்து ஒடைஞ்சுபோச்சுங்க. எனக்கு வந்த ஆங்காரத்துக்கு அளவே இல்லை. இந்த வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட இருபத்தியொரு நாளும் காலையிலயும் சாயங்காலமும் கொடத்துல தண்ணி சுமந்து ஊத்தினவ நானு. இடுப்பு வலி இன்னைக்கும் இருக்குது. "கெளம்புங்க"ன்னு அவரைக் கூட்டிக்கிட்டு நேராக் கோவில்பாளையம் போய், டீச்சர் முன்னாடி நிக்க வெச்சு, பாத்ததைப் பாத்தபடி எழுதிச் சத்தமாப் படிங்கன்னேன்.

அவரு தாளோட பின்பக்கம் எழுதிப் படிச்சாரு. படிச்சு முடிச்சதுதான் தாமதம், டீச்சர் வீட்டுச் செவுத்துல அந்த விரிசல் கீழ இருந்து மெதுவா ஏறி வந்து, பழைய எடத்துல பழைய வளைவோட நின்னுச்சு. டீச்சர் கட்டில்ல உக்காந்துட்டாங்க. இவரு பக்கத்துல போய், "தூணும் செங்கல்லும் சேர்ற எடத்துல கம்பிவலை வெக்காமப் பூசிட்டாங்க டீச்சர். அந்தப் பூச்சை மட்டும் ஒடைச்சுக் கோழிவலை வெச்சுப் பூசுனா இனி வராது"ன்னாரு. நாலு நாள் கொத்தனார் வேலை. பூசினாங்க, போயிருச்சு, எங்க வீட்டுக்கும் வரலை, யாரு வீட்டுக்கும் வரலை.

கணக்கு இவ்வளவுதானுங்க. பாத்துட்டுச் சொல்லாம விட்டா எங்க வீட்டுக்கு வரும். வீட்டுக்காரங்க மூஞ்சியைப் பாத்துச் சொன்னா அவங்க வீட்டுக்கே திரும்பிப் போகும், போனதைச் சரிபண்ணினாத்தான் அது செத்துப்போகும்.

இதைக் கேட்டதும் சனங்க என்ன பண்ணியிருக்கோணும். "அண்ணா, எங்க வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் பாத்துச் சொல்லுங்க"ன்னு வரிசையில நின்னிருக்கோணுமில்லீங்க. நின்னாங்க. வரிசையில நின்னுதான் கூப்பிட்டாங்க. ஆனா எதுக்குத் தெரியுமா, "சும்மா ஒரு எட்டு வந்து பாத்துட்டு மட்டும் போங்கண்ணா, எழுதாதீங்க, வாயைத் தொறக்காதீங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னு. கொத்தனாரு வேண்டாம், சிமெண்டு வேண்டாம், தூசி வேண்டாம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள செவுரு பளிச்சுன்னு ஆயிரும், இதைவிட வேற என்ன வேணும்.

நானாவது வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். பொய் சொல்லலைங்க, எனக்குப் பெருமையா இருந்துச்சு. கல்யாணத்துக்குப் போனா மொத வரிசை சேர் எனக்கு. சீமந்தத்துக்குப் போனா மொத வளையல் நான் போடோணும். "சம்பூரணக்கா வீடு இல்லைன்னா எங்க வீடு எப்பவோ ஒழுகியிருக்கும்"னு அவங்க சொல்லச் சொல்ல, நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, இன்னும் ரெண்டு வந்தா எங்க வெக்கலாம்னு எடம் பாக்க ஆரம்பிச்சேன். எங்கூட்டுக்காரர் மட்டும் சாயங்காலம் சாயங்காலம் செவுத்தைத் தடவிப் பாத்துட்டு, "தாங்குமா சம்பூரணம்"ம்பாரு. "நான் தண்ணி ஊத்தின கான்கிரீட்டு, தாங்கும்"னு சொல்லுவேன்.

அப்பத்தான் தனபாலு வந்தான். மகிழம்பூ அபார்ட்மெண்டுன்னு இருபத்திநாலு வீடு கட்டி, இருபத்திநாலுக்கும் ஒரே முகூர்த்தத்துல பால் காய்ச்சறதா ஊரு பூராவும் போஸ்டர் ஒட்டியிருந்தவன். தட்டு நெறையப் பழம், வெத்தலை பாக்கு, எனக்கு ஒரு சேலை. "அண்ணா, ஒரே நிமிசம், கீழ காரு நிறுத்தற எடத்துல ஒரு தூணை மட்டும் பாத்துட்டு வந்துருங்க. அது எந்த வீட்டுக்குள்ளயும் சேராது, உங்க தாள்லயும் கெடையாது, உங்களுக்கும் எழுதற வேலை மிச்சம்."

இவரு என்னைப் பாத்தாரு. போயிட்டு வாங்கன்னு சொன்னது நானுதானுங்க. அதையும் சொல்லாம விட்டா எங்காச்சும் போய் ஒட்டிக்கும், அதனால சொல்லிப்போடறேன்.

அவரு ஸ்கூட்டர் திரும்பி வர்றதுக்கு முந்தியே அந்த விரிசல் வந்து சேர்ந்துச்சு. சாயங்காலம் நாலு மணி, துளசிமணியும் நானும் வாசல்ல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தோம். காம்பவுண்டுச் செவுரு மொதல்ல ரெண்டாச்சு, அப்பறம் வாசப்படி, அப்பறம் ஹால் தரை, டைல்ஸு ஒவ்வொண்ணா வாயைத் தொறக்க, பூசை ரூம் செவுரு ஏறி, மேல உத்தரத்தைத் தாண்டி, கொல்லப்பக்கச் செவுத்தையும் பொளந்துக்கிட்டுப் போய்த் துளசிமணி வீட்டு எல்லையில நின்னுச்சு. ரெண்டு வெரல் உள்ள போகும். துளசிமணி கீரையை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு ஓடினா. இத்தனை நாள் எந்த ஒறம்பரையைப் பாத்தும் அவ ஓடினதில்லை.

எங்கூட்டுக்காரர் வந்தாரு, டேப்பை எடுத்து ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் அளந்தாரு. அளந்துட்டு அங்கயே குத்த வெச்சு உக்காந்துட்டாரு.

"இது பாதிதான் சம்பூரணம்."

"மீதி எங்கீங்க?"

"அங்கயேதான் இருக்குது. நம்ம வீடு பத்தலை. வெளிய பாக்கறதுக்கு அந்தத் தூணு இப்ப வழவழன்னு ஆயிருக்கும், தனபாலு தொட்டுப் பாத்துச் சந்தோசப்பட்டிருப்பான். பாதி உள்ளுக்குள்ள கெடக்குது. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு இருபத்திநாலு குடும்பமும் அது மேல குடி போகுது."

எனக்கு அழுகை வந்துருச்சுங்க. அந்தக் குடும்பங்களை நெனைச்சு அழுதேன்னு நெனைச்சுக்காதீங்க. எங்க ஹாலை நெனைச்சுத்தான் மொதல்ல அழுதேன். "திருப்பி அனுப்புங்க, இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க"ன்னேன்.

"சொன்னா வேலை போயிரும். தாள்ல இல்லாத எடத்தை, கம்பெனி அனுப்பாமப் பாத்து, யாரும் கேக்காம ஏன் சொன்னேன்னு மேனேஜர் மொதல்ல என்னைத்தான் கேப்பாரு. சொல்லலைன்னா, இந்த வீடு அடுத்த மழையைத் தாங்காது."

"அந்தத் தூணு எத்தனை மழையைத் தாங்கும்?"

வாயில வந்ததைக் கேட்டுப்போட்டேன். அப்பத்தான் எனக்கும் அந்த இருபத்திநாலு குடும்பமும் கண்ணுக்குத் தெரிஞ்சுது, வெக்கமாப் போச்சு. "பாதி பாதியா ரெண்டு பக்கமும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறதுக்கு, முழுசா ஒரு பக்கம் நின்னா எல்லாருக்கும் கண்ணுக்காவது தெரியுமில்லீங்க. யாருகிட்டச் சொல்லோணுமோ அவங்க எல்லாரும் நாளைக்கு ஒரே எடத்துல இருப்பாங்க"ன்னேன்.

காலையில எட்டரைக்கெல்லாம் போயிட்டோம். காரு நிறுத்தற எடத்துல பந்தல், வாழைமரம், நாதசுவரம், பட்டுச்சேலை கட்டின இருபத்திநாலு பொம்பளைங்க கையில பால் சொம்போட வரிசையா நிக்கறாங்க. தனபாலு என்னைப் பாத்ததும், "வாங்கக்கா, மொத வரிசைக்கு வாங்க"ன்னு கையைக் காட்டினான். அந்தச் சேரைத் தாண்டி நாங்க ரெண்டு பேரும் நேராத் தூணுகிட்டப் போய் நின்னோம்.

எங்கூட்டுக்காரர் பையைக் கீழ வெச்சாரு. தாளை விரிச்சு, "எண்பத்தஞ்சு"ன்னு ஆரம்பிச்சாரு. "கீழ்த்தளம், வடகெழக்குத் தூணு. மேல இருந்து கீழ வரைக்கும் விரிசல். கம்பி பத்தாது, கலவை சரியில்லை. முட்டுக் குடுத்துச் சரிபண்ணாம மேல யாரும் குடியிருக்கக்கூடாது."

நாதசுவரம் நின்னுபோச்சு. தனபாலு, "நல்ல நாளும் அதுவுமா வாயை வெச்சுட்டானே, இவனைப் புடிச்சு வெளிய தள்ளுங்கடா"ன்னு கத்தினான். யாரும் தள்ளலை, ஏன்னா அதுக்குள்ள தூணு பேச ஆரம்பிச்சிருச்சு. புது வேட்டியைக் கிழிக்கற மாதிரி ஒரு சத்தம் நிதானமா மேல இருந்து எறங்கி வந்துச்சு, உள்ள கெடந்த பாதியும் எங்க வீட்டுல இருந்த பாதியும் சேர்ந்து முழுசா, எல்லாரும் பாக்கற மாதிரி, தூணோட நெஞ்சுல வந்து நின்னுச்சு. மனுசங்க தள்ளுமுள்ளு இல்லாம, பால் சிந்தாம, ஒவ்வொருத்தரா வெளிய ரோட்டுக்கு வந்துட்டாங்க.

ரோட்டுல மூணாவது மாடிக்காரி ரேணுகாதேவி, இடுப்புல கொழந்தையும் கையில சொம்பும் வெச்சிருந்தவ, எங்கூட்டுக்காரர் முன்னாடி வந்து நின்னா.

"நேத்தே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"ஏன் நேத்தே சொல்லலை?"

"தாள்ல கட்டம் இல்லீங்க."

அவ திட்டியிருந்தாக் கூடப் பரவால்லை. கொழந்தையை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு நின்னா.

அப்ப மணி ஒம்பதே முக்கால். பத்தரைக்கு முகூர்த்தம் முடியுது, மறுபடி நல்ல நாளு ரெண்டு மாசம் கழிச்சுத்தான். இருபத்திநாலு சொம்புப் பாலும் வெயில்ல நிக்குது, பாதி பேரு அழுகறாங்க. எனக்கு மனசு கேக்கலைங்க. "எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க, பால்தான காய்ச்சோணும், நல்ல நேரத்துல எங்கயாச்சும் ஒரு அடுப்புல பொங்கட்டும், தூணைச் சரிபண்ணினதுக்கு அப்பறம் அவங்கவங்க வீட்டுக்குப் போகலாம்"னேன். பந்தல்காரரோட வேன்ல, ஆட்டோவுல, ஸ்கூட்டர்ல, சொம்பு மேல கையை வெச்சு மூடிக்கிட்டு இருபத்திநாலு குடும்பமும் செல்லாண்டி நகருக்கு வந்துச்சு. எங்க ஹாலு ஒரு கீறல் இல்லாம ஒண்ணாச் சேர்ந்து கெடந்துச்சு. நான் தரையில கையை வெச்சுத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டேன்.

எல்லாரும் உள்ள வர்றப்ப ரேணுகாதேவி மட்டும் வாசப்படியிலயே நின்னுட்டா.

"அண்ணா, இந்த வீட்டுல ஏதாச்சும் குறை இருக்குதுங்களா? பால் வெக்கறதுக்கு முந்தி இங்கயே சொல்லிப்போடுங்க."

எங்க ஊருல பால் காய்ச்சப் போன எடத்துல ஒரு பொம்பளை வாயைத் தொறந்து குறையைக் கேட்டது அதுதான் மொதத்தடவை. யாரும் அவளை அதட்டலை. எல்லாரும் அவரைப் பாத்தாங்க.

அவரு படியில இருந்து ஆரம்பிச்சாரு. "இது சூலூர்க்காரங்களது. பாத்ரூம்ல ஈரம் சிங்காநல்லூர்க்காரங்களது. பூசை ரூம் கதவு பீளமேடு. நாளையில இருந்து ஒவ்வொண்ணாக் கொண்டுபோய் அவங்கவங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லி விட்டுட்டு வரோணுமுங்க." மிச்சத்தையும் ஒண்ணுவிடாமச் சொல்லிட்டுச் சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னாரு. நின்னவரு என்னை ஒருதரம் பாத்தாரு.

"இந்த வீட்டோடது ஒண்ணே ஒண்ணு. அடுப்பு மேடை மேக்கால அரை இஞ்சு எறக்கம். நான் கூட நின்னு போட்ட மேடைதான், போட்ட அன்னைக்கே ரசமட்டம் வெச்சுப் பாத்தேன். பால் எப்ப வெச்சாலும் மேக்கதான் பொங்கும். அது யாரு மேலயும் குத்தமில்லைங்க."

பதினோரு வருசத்துக்கு முந்தி இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினப்ப, கெழக்க பொங்கவேண்டிய பாலு மேக்க பொங்குச்சு. "மருமக கையி ராசியில்லாத கையி"ன்னு அத்தை அன்னைக்குச் சபையில சொன்னாங்க. மாமனாருக்குக் காலு வெளங்காமப் போனதுக்கு என் கையி, கெணறு வத்தினதுக்கு என் கையி, நாலாவது மாசம் என் வயித்துல தங்காமப் போனதுக்கும் என் கையி. போன ஐப்பசியில அத்தை கண்ணை மூடறதுக்கு மொத நாளு கூட, நான் குடுத்த பாலை வேண்டாம்னு துளசிமணி கையில வாங்கிக் குடிச்சாங்க. இந்த மனுசன் அத்தனை நாளும் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாரு.

"உங்கம்மாகிட்ட ஏன் சொல்லலை?"ன்னு கேட்டேன்.

அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அம்மா மனசு நோகும்னு"ன்னாரு.

சொல்லவேண்டிய ஆளு போயிட்டாங்க. அதை இனி எந்த வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வர முடியுமுங்க. இருபத்திநாலு பொம்பளைங்களும் சொம்பைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க, முகூர்த்தம் முடிய இன்னும் பத்து நிமிசம் இருக்குது.

நான் அடுப்பைப் பத்த வெக்கலை. "எழுதுங்க"ன்னேன். "இத்தனை பேரு முன்னாடி, என் பேரைப் போட்டு, மேடைதான் கோணல்னு எழுதிச் சத்தமாப் படிங்க. அப்பறம் இந்தக் கையாலயே மொதச் சொம்பை வெக்கறேன்."

அவரு எழுதினாரு. எழுதினதைச் சத்தமாப் படிச்சாரு, நான் இந்தக் கையாலயே மொதச் சொம்பை அடுப்புல வெச்சேன்.